சாதுவாகும் கிருமி என்றொரு நம்பிக்கை

புதிய தொற்று எது வந்தாலும் அதன் பின்னாலேயே ஓர் ஆறுதல் வார்த்தையும் வந்து சேர்கிறது: "முதலில் இப்படித்தான் ஆட்டம் போடும், போகப் போக வீரியம் குறைந்துவிடும்." கொரோனாக் காலத்தில் இதைத் தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டோம், நாளேடுகளின் நடுப்பக்கங்களில் படித்தோம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம். காரணமும் கையோடு தரப்பட்டது. குடியிருக்கும் வீட்டைக் கொளுத்துகிறவன் தெருவில்தான் நிற்க வேண்டும். மனிதனைக் கொல்லும் கிருமி அவனோடு சேர்ந்து தானும் மடியும். ஆகவே நாளடைவில் கொல்லாத கிருமிகளே மிஞ்சும், நோயும் மனிதனும் பழகிப்போய்விடும். கேட்பதற்கு இது அறிவியல்போலவே இருக்கிறது. பரிணாமம், இயற்கைத் தேர்வு என்ற சொற்களும் இதற்குள் வாகாகப் பொருந்திவிடுகின்றன. பயந்திருக்கும் மனத்துக்கு இதைவிட இதமான விளக்கம் கிடையாது. ஆனால் இது தவறு. சில விதிவிலக்குகள் உள்ள சரியான விதி என்று தப்பவிடக்கூட முடியாத அளவுக்குத் தவறு. கிருமியின் வீரியத்துக்குக் காலம் திசை காட்டுவதில்லை; ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் வழிதான் திசை காட்டுகிறது. அந்த வழி வீரியத்துக்குப் பரிசு கொடுத்தால் வீரியம் கூடும், தண்டனை கொடுத்தால் குறையும். மேலும், நீண்ட காலம் உடன் வாழ்ந்ததால் வந்த சமாதானம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி மனித உடல்கள் விலை கொடுத்து வாங்கியது. அதற்குக் கிருமியைப் பாராட்டுவதில் பொருளில்லை.

இந்த நம்பிக்கையைப் பாமரர் தலையில் கட்டிவிட்டு நகர முடியாது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் படித்தவர்களே இதை விதியாகக் கொண்டிருந்தார்கள். இதற்கு மூலவராகச் சொல்லப்படுபவர் தியோபால்ட் ஸ்மித் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர். டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சலை உண்ணிகள் பரப்புகின்றன என்று 1893இல் சகாக்களோடு சேர்ந்து நிறுவியவர். மருத்துவ வரலாற்றில் மதிக்கத்தக்க பெயர். அந்தக் காய்ச்சலில் ஒரு புதிர் இருந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்து வளர்ந்த மாடுகள் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே நலமாகத் திரிந்தன. அவை வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டபோது, அவை நடந்த நிலத்தில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பழகிய இடத்தில் ஒட்டுண்ணி அடங்கியிருக்கிறது, பழகாத இடத்தில் கொல்கிறது என்று இதற்குப் பொருள் கொள்வது எளிது. ஆனால் இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே ஒட்டுண்ணி. தெற்கு மாடு கன்றாக இருந்தபோதே உண்ணிக்கடி பட்டு, நோய் லேசாக வந்து போகும் வயதில் அதைத் தாங்கி, எதிர்ப்பாற்றலைப் பெற்றுக்கொண்டது. வடக்கு மாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேறுபாடு முழுவதும் மாட்டிடம்தான் இருந்தது. கிருமி பழகிவிட்டது என்ற கொள்கைக்கு அடித்தளமாக வைக்கப்பட்ட சான்று, மாடு பழகிக்கொண்டது என்பதற்குத்தான் சான்று.

சான்றை விட்டுத் தர்க்கத்துக்கு வருவோம். ஓம்புயிரைக் கொன்றால் கிருமியும் மடியும் என்ற வாதத்துக்குள் சொல்லப்படாத இரண்டு அனுமானங்கள் உண்டு. கிருமிகள் தம் இனத்தின் வருங்காலத்தை முன்னிட்டு நடந்துகொள்ளும் என்பது முதலாவது. இயற்கைத் தேர்வுக்கு வருங்காலம் தெரியாது. ஒரு நோயாளியின் உடலில் கோடானுகோடிக் கிருமிகள் பெருகுகின்றன. படியெடுக்கும்போது பிழைகள் நேர்ந்து வகைகள் பிரிகின்றன. அவற்றுள் எது வேகமாகப் பெருகி எது முந்தி வெளியேறுகிறதோ அதன் வாரிசே அடுத்த உடலுக்குள் நுழைகிறது. நிதானமாகப் பெருகும் வகை, அதே உடலில் நிதானமில்லாமல் பெருகும் வகையிடம் தோற்கும். இனத்தின் நன்மைக்காக அது அடங்கிப்போனது என்று அதற்கு மாலை போட யாரும் வரப்போவதில்லை. மரணம் கிருமிக்கு எப்போதும் நட்டம் என்பது இரண்டாவது அனுமானம். தாவுகிற வேலை முடிவதற்கு முன் மரணம் வந்தால்தான் நட்டம். எச்.ஐ.வி. தொற்றியவரைச் சிகிச்சை இல்லாவிட்டால் அது கொல்வதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகின்றன. அதற்குள் அது செல்ல வேண்டிய இடங்களுக்கெல்லாம் சென்றுவிடுகிறது. கொரோனா வைரஸ் அதிகமாகப் பரவுவது அறிகுறி தொடங்குவதை ஒட்டிய சில நாட்களில்; சாவுகள் பெரும்பாலும் நிகழ்வது இரண்டு மூன்று வாரம் கழித்து. அந்தச் சாவு நமக்குப் பேரிழப்பு. வைரஸின் கணக்கில் அது வரவும் அன்று, செலவும் அன்று.

இந்தக் கணக்கை 1982இல் ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே என்ற இரு ஆய்வாளர்கள் முறைப்படி எழுதிக் காட்டினார்கள். ஒரு கிருமியின் வெற்றி என்பது, நாளொன்றுக்கு எத்தனை பேருக்குத் தாவுகிறது, எத்தனை நாள் தாவிக்கொண்டிருக்க முடிகிறது என்ற இரண்டின் பெருக்கல். உடலுக்குள் மிகுதியாகப் பெருகினால் முதல் எண் கூடும். ஆனால் நோயாளி விரைவில் இறந்தால் இரண்டாவது எண் குறையும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தில் பெருக்கற்பலன் உச்சத்தைத் தொடும். அந்த இடம் எது என்பது நோய்க்கு நோய் வேறுபடும். சில நோய்களுக்கு அது பூச்சியத்துக்கு அருகில் இருக்கலாம், சிலவற்றுக்கு 30 விழுக்காட்டுச் சாவில் இருக்கலாம், சிலவற்றுக்கு அதற்கும் மேலே இருக்கலாம். எல்லாக் கிருமிகளும் கடைசியில் பூச்சியத்துக்கு வந்து சேரும் என்பது பல விடைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே சமன்பாடு என்று சாதிப்பது.

எதிர்த்தரப்பின் தலைசிறந்த சாட்சியாக எப்போதும் கூண்டில் ஏற்றப்படுபவை ஆஸ்திரேலிய முயல்கள். 1859இல் வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட ஐரோப்பிய முயல்கள் நூறாண்டுக்குள் கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்தன. அவற்றை ஒழிக்க 1950இல் மிக்ஸோமா வைரஸ் பரப்பப்பட்டது. தென்னமெரிக்கக் காட்டு முயலுக்குத் தோலில் ஒரு கட்டியோடு போய்விடுகிற இந்த வைரஸ், ஐரோப்பிய முயல்களில் நூற்றுக்கு 99க்கு மேல் கொன்றது. கொசுக்கள் அதைக் கடத்தின. என்ன நடக்கிறது என்பதை ஃபிராங்க் ஃபென்னர் என்ற ஆஸ்திரேலிய வைரஸ் நிபுணர் ஆண்டுதோறும் அளந்துகொண்டே வந்தார். சில ஆண்டுகளுக்குள் அந்த உக்கிரமான வைரஸின் இடத்தை வீரியம் குறைந்த வகைகள் பிடித்துக்கொண்டன. கதையை இங்கே நிறுத்திக்கொண்டால் கொள்கை வென்றுவிட்டது. நிறுத்தாமல் படிக்க வேண்டும். வீரியம் எவ்வளவு குறைந்தது? ஃபென்னர் வைரஸ்களை ஐந்து தரங்களாகப் பிரித்திருந்தார். களத்தில் நிலைகொண்டது மூன்றாம் தரம், அதாவது நூறு முயல்களில் 70 முதல் 95 வரை கொல்லும் வகை. மனித வரலாற்றின் பெருங்கொடுமைகளில் ஒன்றான பெரியம்மையே தொற்றியவர்களில் ஏறத்தாழப் பத்தில் மூவரைத்தான் கொன்றது. பத்தில் ஏழு முதல் ஒன்பது வரை கொல்லும் ஒன்றைச் சாது என்று சொல்வதற்கு முயலாகப் பிறக்காமல் இருக்க வேண்டும்.

வீரியம் ஏன் அந்த நடுத்தரத்தில் நின்றது என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. முயல் சில நாட்களிலேயே செத்தால் கொசு கடிக்க நேரமில்லை. அதனால் முதல் தரம் தோற்றது. ஆனால் மிகவும் சாதுவான வைரஸ், தோல் கட்டிகளில் போதிய அளவு பெருகவில்லை. கடித்த கொசுவின் வாயில் ஒட்டவில்லை. புண்ணும் சீக்கிரம் ஆறிவிட்டது. அதனால் ஐந்தாம் தரமும் தோற்றது. கொல்லாததே வெல்லும் என்ற கொள்கை சரியென்றால் அதுதான் எல்லாவற்றையும் வென்றிருக்க வேண்டும். இதற்கிடையில் முயல்களும் மாறிக்கொண்டிருந்தன. உரானா ஏரிப் பகுதியில் பிடித்த முயல்களுக்கு ஒரே வீரியமுள்ள வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சுமார் 90 விழுக்காடு செத்தன, ஏழு கொள்ளைநோய்ப் பருவங்களுக்குப் பிறகு சுமார் 25 விழுக்காடுதான் செத்தன. வைரஸ் மனம் இரங்கியதாகத் தோன்றிய மாற்றத்தில் ஒரு பெரும் பங்கு, தாங்க முடியாத முயல்கள் எல்லாம் செத்துத் தீர்ந்ததால் வந்தது. அதற்கு வைரஸ் கொடுத்த பதிலும் பதிவாகியிருக்கிறது. 1990களில் களத்திலிருந்து எடுத்துவைத்த வைரஸ்களை, மரபுவழி எதிர்ப்பு இல்லாத ஆய்வக முயல்களுக்குச் செலுத்தியபோது, பழைய கட்டிகள்கூட எழும்பாமல், நோயெதிர்ப்பு மண்டலமே குலைந்து முயல்கள் இறந்தன. எதிர்ப்பாற்றல் வளர்ந்த முயலுக்குள் தொடர்ந்து பெருக வேண்டுமானால் வைரஸ் முன்னைவிடக் கூர்மையான ஆயுதம் எடுக்க வேண்டியிருந்தது. நாற்பதாண்டுப் பழக்கத்தின் விளைவு இது. எதிர்த்தரப்பின் சாட்சி குறுக்கு விசாரணையில் நம் பக்கம் வந்துவிடுகிறது.

மனித நோய்களில் இந்தப் பாடம் இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. ஏனென்றால் பல நோய்களில், கிருமி நமக்குச் செய்யும் கேடுதான் அதன் வாகனம். காலராவைப் பாருங்கள். அந்தப் பாக்டீரியா சுரக்கும் நஞ்சை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே நிரூபித்துக் காட்டினார். குடலிலிருந்து நீரைப் பீய்ச்சி வெளியேற்றுவதுதான் அந்த நஞ்சின் வேலை. நோயாளிக்கு அது உயிர்போகும் வயிற்றுப்போக்கு. பாக்டீரியாவுக்கு அடுத்த குளத்துக்கும் கிணற்றுக்கும் போக இலவசப் பயணச்சீட்டு. காசநோய்க் கிருமி நுரையீரலை அரித்துக் குழிபறிக்கிறது. அந்தக் குழியிலிருந்துதான் இருமல் வழியே காற்றில் ஏறுகிறது. நுரையீரலைச் சிதைக்காத காசநோய் பரவாத காசநோய். ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயில் வைரஸ் மூளைக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் ஒருசேரப் போகிறது. வெறியும் கடியும் அதன் பரவும் வழி. பாபிலோனியக் காலத்துச் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான எஷ்னுன்னாச் சட்டம் வெறிநாயைக் கட்டுப்படுத்தத் தவறிய உரிமையாளருக்கு அபராதம் விதிக்கிறது. அன்றிலிருந்து ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகள் போய்விட்டன. அறிகுறி தோன்றியபின் ரேபிஸ் இன்றும் அநேகமாக எல்லோரையும் கொல்கிறது. காலம் கிருமியை அடக்கும் என்பவர்கள் இன்னும் எத்தனை ஆயிரம் ஆண்டு அவகாசம் கேட்பார்கள்?

ரேபிஸில் மனிதன் முட்டுச்சந்து, அவனிடமிருந்து அது மேலே பரவுவதில்லை, ஆகவே அந்த உதாரணம் செல்லாது என்று மறுக்கலாம். நாய்களிடையேயும் அது கொல்லும் நோய்தான் என்பது ஒரு பதில். மனிதனையே நம்பி வாழும் காசநோயை எடுத்துக்கொள்வது இன்னும் நேரான பதில். அது நம்மோடு எத்தனை காலம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மிகக் குறைந்த கணிப்பே சில ஆயிரம் ஆண்டுகள். சளியில் கிருமி தெரியும் நிலையில் உள்ள நோயாளிகளில், மருந்தில்லாத காலத்தில், பத்தாண்டுக்குள் சுமார் 70 விழுக்காட்டினர் இறந்தார்கள். இன்றும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உலகெங்கும் அதனால் இறக்கிறார்கள். நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காம்பியாவில் செய்த ஆய்வொன்று இதைவிடக் கூர்மையான செய்தியைத் தருகிறது. அங்கே மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய பழைய காசநோய் வகையும், உலகெங்கும் பரவிய வகையும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் வீட்டாருக்கு ஒரேபோலத் தொற்றின. ஆனால் உலகெங்கும் பரவிய வகைதான் தொற்றியவரை விரைவில் நோயாளியாக்கியது. நெருக்கமான நகரங்கள் பெருகிய உலகில் எது முன்னேறியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி.யிலும் இதே போக்குக்கு எடுத்துக்காட்டு உண்டு. நெதர்லாந்தில் 109 பேரிடம் கண்டறிந்து 2022இல் அறிவிக்கப்பட்ட ஒரு வகை, நோயெதிர்ப்புச் செல்களை வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் அழித்தது. நாள் போகப் போகக் கிருமி சாதுவாகும் என்ற வாய்ப்பாட்டுக்குள் இவை அடங்கமாட்டா.

அப்படியானால் பழைய நோய்கள் சில ஏன் முன்போல் கொல்வதில்லை? இங்கேதான் விலை கொடுத்தது யார் என்ற கேள்வி எழுகிறது. பால்சிபாரம் மலேரியா பல்லாயிரம் ஆண்டுகளாக மனித ரத்தத்தில் வாழ்கிறது. இந்த ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாமல் சுற்றினால் மண்ணீரல் அவற்றை வடிகட்டி அழித்துவிடும். மூளையின் நுண்குழாய்களில் இப்படி ஒட்டுவதால்தான் குழந்தைகள் நினைவிழந்து சாகிறார்கள். உயிர்தப்பும் உத்தியும் கொல்லும் உத்தியும் ஒன்றாக இருக்கும்போது ஒட்டுண்ணியால் அதைக் கைவிட முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் பேர் மலேரியாவால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இறங்கி வந்தது மனித மரபணு. அரிவாள் செல் மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவின் ஆபத்து சுமார் 90 விழுக்காடு குறைகிறது என்பதன் அடிப்படையை 1954இல் ஆண்டனி அல்லிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிறுவினார். அதே மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்துவிட்டால் அரிவாள் செல் சோகை. சிகிச்சை எட்டாத இடங்களில் அந்தக் குழந்தைகளில் பலர் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை. இது ஆப்பிரிக்காவோடு முடிந்த கதை அன்று. 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மரபணு இருப்பது கண்டறியப்பட்டது. 2047க்குள் இந்நோயை ஒழிப்பதாக இந்திய அரசு 2023இல் தனி இயக்கமே தொடங்கியிருக்கிறது. மலேரியாவோடு பழகிப்போனதாக நாம் சொல்வதன் உள்ளடக்கம் இதுதான். ஒரு தலைமுறையில் சில குழந்தைகள் காப்பாற்றப்படுவதற்காக வேறு சில குழந்தைகள் வலியோடு பிறக்கிறார்கள். இதைச் சமாதானம் என்று அழைக்க ஒட்டுண்ணிக்கு மட்டுமே உரிமையுண்டு.

தட்டம்மை இன்னொரு வகையில் கண்ணைத் திறக்கிறது. குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாக அது மனித நோய். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அநேகமாக எல்லோருக்கும் சிறுவயதில் வந்து போகும் நோயாகவே அது அறியப்பட்டது. 1875இல் சிட்னியிலிருந்து திரும்பிய கப்பலோடு அது ஃபிஜித் தீவுகளில் இறங்கியது. சில மாதங்களுக்குள் அங்கிருந்த மக்களில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை மடிந்தார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்ததால் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் போனது சாவை இன்னும் கூட்டியது. ஆயிரம் ஆண்டுகளில் வைரஸ் அடங்கியிருந்தால் அந்த அடக்கத்தை ஃபிஜிக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும். ஐரோப்பாவில் அடங்கியதுபோலத் தெரிந்ததற்குக் காரணம், அங்கே பெரியவர்கள் எல்லாம் சிறுவயதிலேயே நோய் கண்டு தப்பியவர்கள். தப்பாத பிள்ளைகள் ஊர்க் கல்லறைகளில் இருந்தார்கள். தொழுநோயிலும் இப்படித்தான். ஐரோப்பாவில் இடைக்காலத்தின் இறுதியில் அது ஒடுங்கியது. கிருமி நலிந்துபோனது என்று ஊகித்தார்கள். இடைக்கால எலும்புகளிலிருந்து எடுத்த கிருமியின் மரபணுத்தொகுதி 2013இல் வெளியானபோது, அதற்கும் இன்றைய தொழுநோய்க் கிருமிக்கும் வியக்கத்தக்க அளவுக்கு வேறுபாடு குறைவு என்று தெரிந்தது. ஆயிரம் ஆண்டில் அது பெரிதாக மாறவில்லை. மாறியது அது வாழ்ந்த சமூகம்.

இனி, ஒரு காலத்தில் எல்லோர் நாவிலும் இருந்த கொரோனாவின் ஒமிக்ரான் வகைக்கு வருவோம். கொரோனா சாதுவாகிவிட்டதே, கண் முன்னால் பார்த்தோமே என்பது இன்றைக்கு இந்த நம்பிக்கையின் பெரும் பலம். பார்த்ததை வரிசையாக நினைவுகூர வேண்டும். வூகான் வகைக்குப் பின் வந்த ஆல்பா அதைவிடக் கடுமையானது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட டெல்டா ஆல்பாவைவிடக் கடுமையானது. இங்கிலாந்து ஆய்வு ஒன்றின்படி, டெல்டா தொற்றியவர் மருத்துவமனையில் சேர நேரும் ஆபத்து ஆல்பாவைப்போல் சுமார் இரு மடங்கு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்கு அலைந்த நாட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த ஒன்றரை ஆண்டும் வீரியம் ஏறுமுகத்தில்தான் இருந்தது. 2021 நவம்பரில் அறியப்பட்ட ஒமிக்ரான் டெல்டாவிலிருந்து இறங்கி வந்ததன்று. வெகு முன்பே பிரிந்த வேறொரு கிளை. ஆகவே டெல்டா படிப்படியாகச் சாதுவாகி ஒமிக்ரான் ஆனது என்ற கதைக்குக் குடும்ப மரத்திலேயே இடமில்லை. டெல்டாவோடு ஒப்பிட்டால் அது லேசானது என்பது உண்மை. ஆனால் அது வந்தபோது பெரும்பாலான நாடுகளில் மக்கள் ஏற்கெனவே தொற்றியோ தடுப்பூசி போட்டோ இருந்தார்கள். அப்படி இல்லாத இடத்தில் என்ன ஆனது என்பதற்கு ஹாங்காங் சான்று. முதியவர்களில் பெரும்பகுதியினர் தடுப்பூசி போடாமல் இருந்த அந்நகரில், 2022 மார்ச் மாதம் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக உயர்ந்த சாவு விகிதங்களில் ஒன்று பதிவாகியது. கொன்றது அதே ஒமிக்ரான்தான். நாம் வைரஸின் நல்ல குணம் என்று புகழ்ந்ததில் பெரும்பங்கு நம் கையில் ஏறிய ஊசியின் குணம்.

வீரியம் குறைந்த நோய்களே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மறுப்பதற்கு அவசியமும் இல்லை. 1495இல் நேப்பிள்ஸ் முற்றுகையின்போது வெடித்த சிபிலிஸ் முதலில் உடலெங்கும் அழுகிய கொப்புளங்களோடு வந்தது. சில பத்தாண்டுகளுக்குள் லேசானது. பாலுறவால் பரவும் நோய்க்கு, பார்த்ததும் விலகி ஓடச் செய்யும் முகம் நட்டம் என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. பெரியம்மையில் நூற்றுக்கு ஒருவரைக்கூடக் கொல்லாத சிற்றம்மை வகை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி அமெரிக்காவில் பெரும்பாலும் கொடிய வகையின் இடத்தைப் பிடித்தது. ஆனால் இந்தியத் துணைக்கண்டத்தில் 1975இல் கடைசி நோயாளி வரை கொடிய வகையே கோலோச்சியது. ஒரே வைரஸ், ஒரே நூற்றாண்டு, இரண்டு திசைகள். காலரா இன்னும் தெளிவு. 1961இல் உலகைச் சுற்றத் தொடங்கிய எல் டோர் வகை பழைய காலராவைவிட மென்மையானது. நம்பிக்கையாளர்கள் அதைத் தங்கள் பக்கம் எழுதிக்கொண்டார்கள். பிறகு அதே எல் டோர் பழைய வகையின் நஞ்சு மரபணுவைப் பெற்றுக்கொண்டு உக்கிரமாகப் பரவியது. 1992இல் ஓ139 என்ற புத்தம்புதிய காலரா சென்னையிலேயே வெளிப்பட்டு, பழைய காலராவுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் வங்கக் கடலோரம் முழுக்க வீழ்த்தியது. கீழே இறங்கிய வீரியம் மறுபடியும் மேலே ஏற யாருடைய அனுமதியும் கேட்பதில்லை.

நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் தீங்கின்றி வாழ்கின்றனவே, அது நீண்ட பழக்கத்தின் கனி இல்லையா என்பது சற்றுக் கனமான ஆட்சேபம். அந்த நுண்ணுயிரிகளில் முக்கியமானவை தாயிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறுகின்றன. தாய் வாழ்ந்து பெற்றெடுத்து வளர்த்தால்தான் அவற்றுக்கு வழி. அவற்றின் பிழைப்பு நம் பிழைப்போடு கட்டப்பட்டிருப்பதால் அவை நமக்கு உதவுகின்றன. அந்நியரிடமிருந்து அந்நியருக்குத் தாவும் கிருமிக்கு அந்தக் கட்டு இல்லை. தாவும் வழியே குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற நம் வாதத்துக்கு இது இன்னொரு நிரூபணம். குடற்புழுக்களும் பழைய நண்பர்கள், அவற்றை விரட்டியதால்தான் ஒவ்வாமை பெருகியது என்று இதை ஒட்டிய பேச்சு ஒன்றும் உண்டு. சில புழுக்கள் நம் நோயெதிர்ப்பைத் தணிக்கின்றன என்பது உண்மை. தணிப்பது தம்மைக் காத்துக்கொள்ள. யானைக்கால் புழு பல ஆண்டுகள் நம் நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. கியூலெக்ஸ் கொசு கடிக்கும் இரவு வேளை பார்த்துத் தன் குஞ்சுகளைத் தோலருகே ஓடும் ரத்தத்துக்கு அனுப்பும் அளவுக்கு நம்மோடு இசைந்துபோயிருக்கிறது. இவ்வளவு நுட்பமான இணக்கத்துக்குப் பிறகும் வீங்கிய கால் வீங்கிய கால்தான். உயிரை எடுக்காததை நட்பு என்று சொல்ல, கால் வேறொருவருடையதாக இருக்க வேண்டும்.

மிகவும் ஆபத்தான ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. வழிதான் வீரியத்தைத் தீர்மானிக்கிறது என்றால், தடுப்பூசி போட்டு நோயாளியை உயிரோடு வைத்திருப்பதே கொடிய கிருமிக்கு வழிவிடுவதாகாதா? இதற்குக் கோழிகளைக் காட்டுவார்கள். மாரெக் நோய்க்கான தடுப்பூசி 1970 வாக்கில் வந்தது. அது கோழியைச் சாவிலிருந்து காத்தது, ஆனால் வைரஸ் பரவுவதைத் தடுக்கவில்லை. ஊசி போடாத கோழியைப் பத்து நாட்களில் கொன்று தானும் முடிந்துபோகும் அதிதீவிர வகைகள், ஊசி போட்ட கோழிகளில் வாரக்கணக்கில் பரவின என்று 2015இல் வெளியான சோதனைகள் காட்டின. உண்மையான எச்சரிக்கை இது. ஆனால் இதிலிருந்து ஊசி வேண்டாம் என்ற முடிவுக்குப் போகிறவர்கள் பாதிப் பக்கத்தைப் படித்தவர்கள். ஊசி போட்ட கோழிகள் பிழைத்தன. சாவைத் தடுத்துப் பரவலைத் தடுக்காத ஊசியை மட்டும் நம்பினால் போதாது என்பதே இதன் பாடம். பரவலையும் அடைக்கும் ஊசியின் கதை வேறு. தட்டம்மை ஊசி 1963 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அறுபதாண்டு கடந்தும் வைரஸ் வீரியம் கூடவில்லை. பெரியம்மை ஊசியோ வைரஸையே உலகத்திலிருந்து அகற்றியது. 1980இல் உலக நலவாழ்வு அமைப்பு அதை அறிவித்தது. மாரெக் நோயும் தட்டம்மையும் சேர்ந்து சொல்வது ஒன்றே: வழியைப் பாதி அடைத்தால் கிருமி மீதிப் பாதிக்கேற்ப மாறும், முழுதும் அடைத்தால் மாறுவதற்கு அது இருக்காது.

இந்த வாதம் ஏட்டுச் சர்ச்சையோடு முடிவதில்லை. காலம் கிருமியை அடக்கும் என்று நம்பும் அரசு காத்திருக்கும்; பரிசோதனைக் கூடங்களை மூடும், புள்ளிவிவரம் சேர்ப்பதை நிறுத்தும், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும். தாவும் வழியே தீர்மானிக்கிறது என்று தெரிந்த அரசுக்கு வேலை இருக்கிறது. குடிநீரையும் சாக்கடையையும் பிரிப்பது நோயாளியைக் காப்பதோடு, படுக்கையில் கிடக்கும் நோயாளியிடமிருந்தும் பரவும் காலராவின் அனுகூலத்தையே பறிக்கிறது. வலையும் கொசு ஒழிப்பும், எழ முடியாத மலேரியா நோயாளியிடமிருந்து ஒட்டுண்ணி தப்பிச் செல்லும் சிறகுகளை வெட்டுகின்றன. காசநோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தைத் தொடர்ந்து கொடுப்பது இருமலின் பயனைக் குறைக்கிறது. நாய்களுக்கு ஊசி போடுவது ரேபிஸ் மனிதரை எட்டும் முக்கியப் பாதையை மூடுகிறது. 1971இல் வங்க அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்துக் காலராச் சாவை 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார். அந்த வாரங்களில் பாக்டீரியா மாறியிருக்கவில்லை. விடுங்கள், தானே அடங்கிவிடும் என்று இனி யாரேனும் சொன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடங்கும்வரை சாகப்போகிறவர்கள் யார்? உரானா ஏரி முயல்களில் அது எதிர்ப்பாற்றல் இல்லாத முயல்கள். ஃபிஜியில் முன்பு அந்நோயைக் காணாத மக்கள். ஹாங்காங்கில் ஊசி போடாத முதியவர்கள். ஆப்பிரிக்காவில் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். இந்த வரிசையில் தாம் இல்லை என்ற தெம்பு இருப்பவர்களே பொதுவாகக் காலத்தின் கருணையைப் பற்றிப் பேசுகிறார்கள். பரிணாமம் அப்படியொரு கருணையை யாருக்கும் வாக்களித்ததில்லை. பாதையை மாற்றும் வாய்ப்பை மட்டும் நமக்கு விட்டுவைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்துவதும் தவறவிடுவதும் நம் அரசியல் முடிவு.